நாலு மூலைக் குளம்

கைகால் கழுவி ஒழுச் செய்துகொண்டு, தொழும் திசையான கிப்லாவை முன்னோக்கி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வல்லாஹி, அல்லாஹ் மேல் சத்தியமாக, இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பாலமுனையில் நான் பிடித்த சுறாவின் வயிற்றுக்குள் யாரோ தொலைத்த சைக்கிள் கிடந்தது என்று சொன்னதை நம்பாதவர்கள் அவர்கள். சைக்கிள் கிடந்ததுதான். மணி அடிக்கவில்லை என்பதை நான் அப்போதே ஒப்புக்கொண்டேன். இது அந்த மாதிரிக் கதை இல்லை. இது கந்தோரில், அதாவது அலுவலகத்தில், நடந்த கதை. கந்தோர் விசயத்தில் பொய் சொன்னால் பென்சன் போய்விடும்.

என் பெயர் அபூசாலி. எண்பதுகளின் நடுவில், கல்முனையில் ஒரு வடிகால் திட்டத்தின் கந்தோரில் படம் கீறுகிறவனாக இருந்தேன். வெளிநாட்டுக்காரர் உதவியில் நடந்த திட்டம். மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல்களை மாரி வெள்ளம் மூடாதபடி, தண்ணீரை ஒரு வாய்க்காலால் கூட்டிக்கொண்டுபோய் ஓரிடத்தில் தேக்கிவைக்க வேண்டும். அந்த இடம் எது என்று தெரியப் படம் வேண்டும். படத்துக்குச் சமவுயரக்கோடு வேண்டும்.

சமவுயரக்கோடு என்பது பெரிய வித்தை இல்லை. வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுச் சுவரில் ஒரு கறை நிற்குமே, அதுதான். சுவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் கறையும் அதே மட்டத்தில் கூடத் திரும்பும். அதே கறையை நிலத்தில் வைத்து நினைத்துப் பாருங்கள். தண்ணீர் பத்தடிக்கு ஏறி நின்றால் ஒரு கறை, பத்தரை அடிக்கு ஏறினால் இன்னொரு கறை. அவற்றைத் தாளில் கீறினால் சமவுயரக்கோடு. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு மாரிக்கும் அல்லாஹ் அதைக் கீறிக் காட்டுகிறான். சம்பளம் மட்டும் எனக்குத் தந்தார்கள்.

என் கையைப் பற்றி நானே சொல்லக்கூடாது. ஆனாலும் கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் என்னைப்போல வளைவு விழுந்த கை இருக்கவில்லை. உள்ளே ஈயமும் வெளியே றப்பருமாக ஒரு பாம்பு வைத்திருந்தேன். வளைத்த இடத்தில் வளைந்து நிற்கும். அதன் விலாவோடு பேனையை ஓட்டுவேன். கோமாரிக் கடற்கரையை நான் கீறியதைப் பார்த்து, அங்கே கடலே ஒரு முழம் நகர்ந்து கோட்டுக்குச் சரியாக நின்றது என்பார்கள். நான் கண்ணால் காணவில்லை. அதனால் சொல்லமாட்டேன்.

அப்படிப்பட்ட கையை ஓய்வாக உட்காரவைக்கத்தான் எண்பத்தைந்தாம் ஆண்டின் கடைசியில் கொம்பியூட்டர் வந்தது.

கொழும்பிலிருந்து லொறியில், ஆறு மெத்தையின் மேல் படுத்தபடி வந்தது. இரண்டு அலுமாரி அளவு. எஞ்சினியர் மசூர், எங்கள் ஊர்ப் பிள்ளைதான், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், வாசலில் நின்று, "செருப்பக் கழட்டிட்டு வாங்கப்பா" என்றார். மௌலூது ஓதி, நெய்ச்சோறு கொடுத்துத்தான் அதைத் திறந்தோம். அது சோறு தின்னவில்லை. இலக்கம் மட்டும் தின்றது. நிலத்தில் இந்த இடம் இவ்வளவு உயரம் என்று இருநூற்றுப் பன்னிரண்டு இலக்கம் ஊட்டினோம். தின்றுவிட்டு ஒரு குளிர் காற்று விட்டது. நான் சால்வை போட்டுக்கொண்டு வேலை செய்தேன். ஒரு பேனை தானாக எழும்பி, தானாக நடந்து, தாளில் கோடு போட்டது. மஃரிபோடு கந்தோரைப் பூட்டிவிடுவோம், இருட்டில் என்ன வேலை. ஆனால் காலையில் வந்து பார்த்தால், சில நாளில் கேட்காத கோட்டையும் போட்டுவைத்திருக்கும்.

முதல் படம் சிக்கிய கரைவலைபோல வந்தது. கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டின. ஒரே நிலம் ஒரே நேரத்தில் பத்தடியாகவும் பதினோரடியாகவும் இருக்காது. தேர்தல் மேடையில் நிற்கிறவருக்கு மட்டும் அது முடியும். மசூர் புரோகிராமைத் திருத்தினார். இரண்டாம் படத்தில் வெட்டு நின்றுவிட்டது, ஆனால் கோடு ஒவ்வொன்றும் உடைந்த சீப்புப்போல முறிந்து முறிந்து போனது.

"சரியா வந்திரிக்கு சேர்," என்றேன். "அளந்த இடம் ஒண்டும் தப்பல்ல."

"சரி கிடக்கட்டும் அபூசாலி. வடிவு எங்க? இத அவங்களுக்குக் காட்டேலுமா? மழுமழுப்பு வேணும்."

அந்த மெசினில் மழுமழுப்புக்கு ஒரு திருகு இருந்தது. பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை. பூச்சியத்தில் வைத்தால் அளந்தது அளந்தபடி, முறிவோடு வரும். மூன்றில் மூலைகள் தேயும். ஐந்தில் வைத்தபோது மருதமுனையிலிருந்து இரண்டு நெசவுகாரர் வந்து பார்த்து, அந்தக் கோட்டைச் சாரன் கரைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். நல்ல விற்பனை. ஒன்பதில் வைத்த படத்தைச் சுவரில் மாட்டினோம். அதில் ஏறிய பல்லி பிடி கிடைக்காமல் வழுக்கி விழுந்தது. பல்லிக்குப் பெரிய காயம் இல்லை.

மசூர் ஏழில் நிறுத்தச் சொன்னார்.

அந்தப் படத்தின் நடுவில்தான் நாச்சியாவின் வயல் இருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையம், தாய்க்கோழி முட்டையிட்டு வைத்ததுபோல. வெளியே இருந்து உள்ளே ஒவ்வொரு வளையமும் அரை அடி தாழ்வு. ஒரு சிற்றெறும்பு அந்த வெளி வளையத்தில் ஏறியதைப் பார்த்தேன். திரும்ப ஒரு மூலை இல்லாமல் சுற்றிச் சுற்றி, அசருக்குப் பிறகு செத்துப்போனது.

மசூர் படத்தில் விரலை வைத்தார். "பார்த்தியா, அல்லாஹ் படைச்ச பள்ளம். ஒன்றரை அடி. இதுதான் எங்கட குளம்."

எண்பத்தாறு பெப்ரவரியில் நடந்தது இது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்று இருந்தது. பூச்சியத்தில் வைத்து எடுத்த படத்தில் அந்தப் பள்ளத்துக்கு நாலு மூலை இருந்தது. கிழக்குப் பக்கம் கொஞ்சம் நீளம், மற்ற மூன்றும் கையால் அளந்ததுபோல. அல்லாஹ் இதுவரை சதுரமாகக் குளம் படைத்ததாக நான் கேள்விப்படவில்லை. சதுரமாக இருப்பது மனிசன் வரம்பு கட்டிய வயல். எந்த வேளாண்மைக்காரனும் அந்தப் படத்தைக் கண்டால், 'இது பள்ளம் இல்ல, அளவில என்னமோ பிழை' என்று சொல்லியிருப்பான். ஏழில் வைத்ததும் மூலைகள் போய்விட்டன. மூலை போனதும் வயல் குளமாகிவிட்டது.

நாச்சியா எனக்கு எதிர்வளவுக்காரி. புருசன் மீராமுகைதீன் போன ஒக்டோபர் கடைசியில் காய்ச்சலில் மௌத்தானார். விதைப்பு நாளில் மையித்து அடக்கம். கத்தம் ஓதி முடிவதற்குள் விதைப்புக்கு விட்ட தண்ணீரைப் பூட்டிவிட்டார்கள். நாச்சியா இத்தாவில் இருந்தாள்: நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே இறங்காமல் இருக்க வேண்டும். ஆண் சகோதரம் இல்லை, இருந்தது இரண்டு பெண்பிள்ளை. அதனால் நரியன்வட்டை என்ற அந்தப் பெரிய வயல்வெளியில், எல்லா வயலும் பச்சையாக நிற்க, அவளுடைய மூன்று ஏக்கர் மட்டும் வெறுந்தரையாகக் கிடந்தது. பிள்ளைகள் இரண்டும் அந்த மூன்று ஏக்கரைத்தான் தின்று வளர்ந்தன. வேறு நிலம் கிடையாது.

குளத்துக்கு நிலம் எடுக்கப்போவதாகப் பள்ளிவாசல் சுவரில் அறிவித்தல் ஒட்டினார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் இருபத்தொரு நாளுக்குள் கந்தோருக்கு நேரில் வர வேண்டும். கணக்குப் பார்த்தேன். அவள் இத்தா முடிவது இருபத்தைந்தாம் நாள்.

நாச்சியா பிள்ளையை அனுப்பி என்னைக் கூப்பிட்டாள். நான் மண்டபத்தில் கதிரையில் இருந்தேன். அவள் அறை வாசலில் தொங்கிய சீலைக்குப் பின்னால் இருந்தாள். சீலையில் பெரிய பெரிய அன்னாசிப்பழம் போட்டிருந்தது. ஓர் அன்னாசிப்பழத்தைப் பார்த்துத்தான் நான் கதைத்தேன்.

"அபூசாலி காக்கா, எங்கட வயல் பள்ளமாம். மெய்யா?"

"படத்தில அப்பிடித்தான் விழுந்திரிக்கு தங்கச்சி."

"படம் வயலக் கண்டிரிக்கா?"

"அது மெசின் போட்ட படம்."

"மெசின் வயலக் கண்டிரிக்கா?"

அன்னாசிப்பழம் அசைந்தது. உள்ளே அவள் எழும்பி நிற்கிறாள் என்று விளங்கியது.

"எங்கட வயலுக்கும் ஜவுபர்ர வயலுக்கும் ஒரே வரம்பு. எங்கட தண்ணி அவர்ர வயலுக்க விழுந்து பயிர் அழுகுதெண்டு பதினெட்டு வருசமாச் சண்ட. ஒருக்கா மண்வெட்டிப் புடியால இவர்ர மண்டைய உடைச்சி ஏழு தையல். நீங்கதானே காக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன?"

"ஓம். நான்தான்."

"அப்ப பள்ளத்தில இரிந்த தண்ணி மேட்டுக்கு ஏறியா மனிசன்ட மண்டைய உடைச்ச? இவர் ஒவ்வொரு வருசமும் சேறடிச்சி, தண்ணி கட்டி, மட்டம் பாக்கிறவரு. தண்ணிக்குத் தெரியாத மட்டமா உங்கட மெசினுக்குத் தெரியும்?"

பிள்ளை கொண்டுவந்து வைத்த பிளேன்டீயைக் குடித்தேன்.

"நான் இத்தாவ முறிச்சிட்டுக் கந்தோருக்கு வரவா?" என்று கேட்டாள். குரல் தாழ்ந்திருந்தது.

"தவ்பா, என்ன கத கதைக்கிறாய். அதெல்லாம் வேணாம். நான் பாத்துக்கிறன்."

அவசரமான காரியத்துக்கு இத்தாவில் இருப்பவள் பகலில் வெளியே இறங்கலாம் என்று மார்க்கத்தில் இடம் உண்டு. பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் போய்க் கேட்கவில்லை. அன்றைக்கு மழை. மறுநாளும் மழைபோல இருந்தது.

முதலில் கச்சிமுகம்மதிடம் போனேன். அளவின்போது மட்டக்கோல் பிடித்த மனிசன் அவர். எஞ்சினியர் தூரத்தில் ரோட்டில் கண்ணாடிக் கருவியோடு நிற்பார். இவர் கோலைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள் போய், இடத்துக்கு இடம் நட்டு நிறுத்துவார். ரோட்டில் எந்த நேரம் எது நடக்கும் என்று தெரியாத காலம் அது. மசூர் வாகனத்தை விட்டு நூறு அடிக்கு மேல் நடந்தது கிடையாது. பயிருக்கு மேல் கோலின் தலை தெரிந்தால் அவருக்குப் போதும்.

"மாமா, கோல எங்க ஊண்டின நீங்க?"

"வயல்லதான்."

"வயல்ல எங்க?"

கச்சிமுகம்மது என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வரம்பிலதான் தம்பி. வேறெங்க? கதிர் வாற பயிரக் காலால மிதிக்கிறதா? பறக்கத்துப் போயிரும். எங்கட வாப்பா காலத்தில இரிந்து ஆரும் அப்பிடிச் செய்யிறல்ல."

"இருநூறு இடத்திலயும் வரம்பிலயா?"

"ஓம். ஒரு பயிர் சாஞ்சிருந்தா என்னக் கேளு."

"நாச்சியாட வயல்ல?"

"அதில பயிரில்லயே. நடுவுக்க இறங்கி, மண்ணிலயே வெச்சன். நாலு மூலையிலயும் வெச்சன். வடிவா அளந்து குடுத்தன். பாவம், மௌத்து வீடெண்டு பாத்து வேல செஞ்சன்."

"வரம்பு எவ்வளவு உசரம் மாமா?"

அவர் குனிந்து, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்தார். ஒன்றரை அடி.

ஊர் முழுக்க வரம்பின் தலையில் அளந்தார்கள். அவளுடைய வயலை மட்டும் வரம்பின் காலில் அளந்தார்கள். அவ்வளவுதான் பள்ளம். இதற்குத்தான் மூன்று வளையம்.

கச்சிமுகம்மதைக் கூட்டிக்கொண்டு நேரே மசூரிடம் போயிருக்கலாம். ஒரு சாட்சியும் இருக்கட்டும் என்று ஜவுபரிடம் போனேன். அறுவடை தொடங்கியிருந்தது. ஜவுபர் தன் வயல் வாடிக் குடிசையில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஜவுபர் மச்சான், நாச்சியாட வயல் தண்ணி உன்ட வயலுக்க விழுறதெண்டு சண்ட புடிச்சாய்தானே?"

"ஆரு, நானா?"

"நீதான். மீராமுகைதீனுக்கு ஏழு தையல்."

"அது வேற விசயத்துக்கு."

"என்ன விசயம்?"

"மறந்து போச்சு மச்சான். அந்த மனிசனும் மௌத்தாகிட்டாரு. இனி அத என்னத்துக்குக் கதைக்கிற."

"அத விடு. அவட வயல் உசரமா, உன்ட வயல் உசரமா?"

ஜவுபர் கயிற்றை நிறுத்தினான். "குளம் வெட்டாம விடுவானுகளா?"

"விடமாட்டானுகள். எங்கயோ வெட்டத்தான் போறானுகள்."

"அவட வயலில்ல எண்டா?"

"அடுத்ததாத் தாழ்ந்த வயல்ல."

"அது ஆருட?"

"உன்ட."

"அப்ப அவட வயல் பள்ளம்," என்றான் ஜவுபர். பிறகு, நல்ல மனிசன் என்பதால், சும்மா விடாமல் கொஞ்சம் விளக்கமும் தந்தான். "சின்ன வயசில அதுக்க தாமர பூத்தத நான் கண்டிரிக்கன் மச்சான். வெள்ளத் தாமர."

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனபோது, பள்ளித் தண்ணீர்த் தொட்டியான ஹவுழில் ஒழுச் செய்தவர்கள் தாமரையைப் பற்றித்தான் கதைத்தார்கள். ஒருவர் அதில் விரால் பிடித்திருந்தார். இன்னொருவரின் மூத்தப்பா அதில் தோணி விட்டிருந்தார். நரியன்வட்டையில் நிலம் உள்ள அத்தனை பேருக்கும் அந்தக் குளம் ஞாபகம் வந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு முதலை வந்து சேர்ந்தது. ஊரில் பொய் சொல்வதற்கென்று இருந்தவன் நான் ஒருவன்தான். இரண்டு கிழமைக்குள் என் தொழிலை எல்லோருமாகப் பிடுங்கிக்கொண்டார்கள். வட்டவிதானை, வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற பொறுப்பாளர், எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். 'இது ஆதியில் குளமாக இருந்த இடம்.' முப்பத்தேழு கையெழுத்து.

இருபதாம் நாள் மசூரிடம் போனேன். வரம்பை, கோலை, இத்தாவை, ஏழு தையலை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்ட மனிசன் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"முதல் எடுத்த படத்தில நாலு மூலை இரிந்திச்சு சேர். மழுமழுப்புப் பூச்சியத்தில."

"அந்தப் படம் எங்க?"

அதை நான் கந்தோர் வாசலில் வடை விற்றவனிடம் கொடுத்திருந்தேன். நல்ல தடித்த தாள். நாலு மூலையிலும் நாலு வடை சுற்றினான்.

"அது... இல்ல சேர்."

"அபூசாலி," என்றார் மசூர், "நீ சொல்றது சரியா இரிக்கலாம். ஆனா படம் கொழும்புக்குப் போயிட்டு. அங்க இரிந்து வெளிநாட்டுக்கும் போயிட்டு. கோடு நல்ல வடிவெண்டு எழுதியும் அனுப்பிட்டாங்க. படத்தத் திருத்தப் போனா ஆறு மாசம். நிலத்தத் திருத்த ஆறு நாள்."

எனக்கு வடிவென்று எழுதியது மட்டும் காதில் விழுந்தது.

"ஆரு எழுதின சேர்? எழுத்தில இரிக்கா?"

காட்டினார். இருந்தது.

இருபத்தோராம் நாளும் போனது. இருபத்தைந்தாம் நாள் நாச்சியா குளித்து, இத்தா முடித்து, பகல் வெளிச்சத்தில் முதல் முதலாக வாசலுக்கு வந்தாள். அன்றைக்கே வயலுக்குப் போனாள். புல்டோசர் அவளுக்கு முன்பே போயிருந்தது. மீராமுகைதீன் பதினெட்டு வருசம் தண்ணீர் கட்டி மட்டம் பார்த்த தரையை வழித்து, சுற்றிவரக் குவித்திருந்தார்கள். என் வளையத்தை, மன்னிக்க வேண்டும், மெசினின் வளையத்தை அப்படியே பார்த்து வெட்டினார்கள். நாலு மூலையையும் சீவி எடுத்துவிட்டு, முட்டை வடிவத்துக்கு. மசூர் படத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, "இன்னும் நாலு விரல்" என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த நாலு விரலை நான் கணக்கு வைத்திருக்கிறேன். அவளுடைய வயல் ஜவுபரின் வயலைவிட நாலு விரல்தான் உயரம்.

நிலத்துக்கு ஈடாக எங்கோ காட்டுப்பக்கம் வேறு நிலம் தருவோம் என்றார்கள். அதற்கும் படம் கீற வேண்டும் என்றார்கள். அது கீறப்படவில்லை.

நவம்பரில் மாரி பிடித்தது. புது வாய்க்காலால் தண்ணீர் ஓடிவந்து குளத்தில் விழுந்தது. நரியன்வட்டையில் ஒரு பயிரும் மூழ்கவில்லை. ஜவுபரின் வயலில் இருபது வருசத்தில் காணாத விளைச்சலுக்குப் பயிர் நின்றது. மசூரின் சொல்லின்படி, மட்டக்கோலோடு போய்த் தண்ணீர்க் கறையை அளந்தோம். படத்துக்கும் நிலத்துக்கும் ஓர் அங்குலமும் பிசகவில்லை. நான் கண்ட படங்களில் அதைவிடச் சரியான படம் கிடையாது. அதை எழுத்தில் தந்தார்கள். எனக்கு நிரந்தர நியமனமும் வந்தது.

அளந்துவிட்டுத் திரும்பும்போது நாச்சியா குளக்கரையில் நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டாள், ஆனால் ஒதுங்கவில்லை. இப்போது அவள் மருதமுனையில் ஒரு வீட்டில் நூல் சுற்றப் போய்வந்தாள். இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தால் நிறுத்தி, கூடவே கூட்டிக்கொண்டு போனாள்.

"தாமர பூக்குமா காக்கா?" என்று கேட்டாள்.

"கொஞ்சக் காலம் போகணும்."

"முதலயும் வரணுமே."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எல்லாரும் பொய் சொன்னானுகள். அது கிடக்கட்டும், அவனவனுக்கு அவனவன்ட வயல். நான் ஒண்டு மட்டும் கேக்கிறன். கச்சி மாமா என்னிட்ட வந்து அழுதிட்டுச் சொன்னாரு, அவர் நாலு மூலையிலயும் கோல் வெச்சவராம். அப்ப படத்தில மூலை இரிந்திரிக்கணும்தானே. அந்த மூலைய வளைச்சது ஆரு?"

"மெசின், தங்கச்சி."

"அதுக்குக் கை இரிக்கா?"

"கையில்ல. பேனதான். தன்ட பாட்டில நடக்கும்."

"வல்லாஹி எண்டு சொல்லுங்க."

தண்ணீரில் ஒரு கொக்கு வந்து இறங்கியது. புதுக் குளம் என்று அதற்குத் தெரியாது.

"வல்லாஹி," என்றேன்.

நாச்சியா என் கையைப் பார்த்தாள். மட்டப் புத்தகத்தை அந்தக் கையால்தான் பிடித்திருந்தேன். பெருவிரலில் கறுப்பு மை.

"மனிசன்ட கையெண்டா அது அழுகிப் போகட்டும் எண்டு பதுவா கேட்டிருப்பன்," என்றாள். "ஒவ்வொரு தொழுகைக்குப் பொறகும் கேட்டிருப்பன். மெசினுக்கு என்னத்தக் கேக்கிற."

வரம்பில் ஏறி நடந்துபோனாள். அந்த வரம்பும் இப்போது வளைந்துதான் கிடந்தது. அவள் போன வழி வெகுநேரம் தெரிந்தது.

எனக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. வலக்கை நன்றாக இருக்கிறது, நடுக்கம்கூட இல்லை. இதை அந்தக் கையால்தான் எழுதினேன். தொடக்கத்தில் சொன்னதை மறுபடியும் சொல்கிறேன், வல்லாஹி, ஒரு சொல்லும் பொய் இல்லை.

எங்கள் கந்தோருக்கு மின்சாரக் கம்பி இழுத்தது எண்பத்தேழாம் ஆண்டு ஜூன் மாதம், அதுவரை அங்கே இருந்தது இரண்டு மண்ணெண்ணெய் அரிக்கன் லாம்பு.